மிச்ச நூல்... மிச்ச நேரமா?

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோவளத்துக்கு மீன் வாங்கப் போவது என் பழக்கம். அங்கே மீன் மலிவு என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். பெட்ரோல் செலவையும் சேர்த்தால் மலிவில்லை என்பது வீட்டில் இருப்பவர்களுக்கும் தெரியும். இருந்தாலும் யாரும் கேட்பதில்லை. ஒரு மனுஷன் வாரத்துக்கு ஒரு நாள் கடற்காற்று வாங்கினால் குடும்பத்துக்கும் நிம்மதிதானே!

போன ஐப்பசியில் அப்படிப் போனேன். நல்ல மழை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு ஹோட்டல். பெயர் வேண்டாம். வாசலில் ஆரஞ்சு நிறத்தில் பெரிது பெரிதாக என்னவோ உட்கார்ந்திருந்தது. சாலை வேலைக்கு வைத்த டிரம் என்று நினைத்தேன். வண்டியை நிறுத்திப் பார்த்தால், பூசணிக்காய்! உல்லன் நூலில், குரோஷா ஊசியால் பின்னிய பூசணிக்காய். ஒவ்வொன்றும் முழங்காலுக்கு மேல் உயரம். மொத்தம் ஆறு. மேலே வாசல் வளைவு முழுக்க, முறம் அகலத்துக்குச் சிவப்பும் பழுப்புமாக மேப்பிள் இலைகள். அதுவும் உல்லன்தான். இலையுதிர் காலத்தை வரவேற்று ஆங்கிலத்தில் ஒரு பலகை வேறு.

மழையில் ஊறிப்போய், கல்யாணச் சாப்பாட்டுக்குப் பிறகு திண்ணையில் சாய்ந்த பெரியவர்கள் மாதிரி ஒரு பக்கமாகச் சரிந்திருந்தன அந்தப் பூசணிகள்.

கோவளத்தில் ஏதய்யா இலையுதிர் காலம்? நம்முடைய ஆறு பருவங்களில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் காலம். அடைமழைக் காலம். வடகிழக்குப் பருவமழையில் நம் மரங்கள் அப்போதுதான் தளதளவென்று நிற்கும். வேம்பும் புங்கனும் இலையைக் கொட்டுவதெல்லாம் மாசி பங்குனியில். பூசணிக்காயைப் பொறுத்தவரை, அந்த சீசனில் நமக்குத் தெரிந்தது ஆயுத பூஜை அன்று நடுரோட்டில் உடைப்பது. மறுநாள் அதில் யாராவது வழுக்கி விழுவது.

ஆனால் என் சண்டை அதோடு இல்லை. கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பஞ்சை வைத்துப் பனி என்று சொல்கிற ஊர்தான் இது. ஆசைப்பட்டவர்கள் ஆசைப்பட்டதை வைத்து அலங்காரம் செய்துகொள்ளட்டும். என் சண்டை வேறு.

*

மீன் வாங்கியதும் வழக்கமாக ஒரு அக்காவிடம் வெட்டக் கொடுப்பேன். அவரிடம் பேரமே பேச முடியாது. கிலோவுக்கு இவ்வளவு என்றால் இவ்வளவுதான். சங்கரா என்றால் ஒரு கூலி, செதில் கெட்டியான மீன் என்றால் கொஞ்சம் கூட. "இன்னிக்கு மழை, கூட்டம் இல்லையேக்கா, கொஞ்சம் பார்த்துப் போடுங்க" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "மழையில கத்திக்கு மட்டும் வேலை கம்மியா சார்?" என்று கேட்டார். அதோடு வாயை மூடிக்கொண்டேன்.

அன்றைக்குப் பேச்சுவாக்கில் அந்த உல்லன் பூசணிக்காய்களைப் பற்றிச் சொன்னேன். அக்கா முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

"அது நாங்க போட்டது சார்!"

அவருடைய மகளிர் குழுவில் ஐந்து பேருக்குக் குரோஷா தெரியும். ஹோட்டலிலிருந்து வந்து கேட்டிருக்கிறார்கள். காலையில் மீன் வேலை, மத்தியானம் வீட்டு வேலை. பிள்ளைகள் தூங்கிய பிறகு, ராத்திரி லைட் வெளிச்சத்தில் மூன்று வாரம் உட்கார்ந்து பின்னிக் கொடுத்திருக்கிறார்கள்.

"எவ்வளவு கொடுத்தாங்க?"

"நூலு அவங்களே தந்துட்டாங்க சார். மிச்சம் விழுந்த நூலாம். மூட்டை மூட்டையா கொண்டாந்து போட்டாங்க."

"சரி, கூலி?"

"கூலின்னு ஒண்ணும் பேசல. கடைசி நாள் சாப்பாடு போட்டாங்க. ஆளுக்கொரு சர்ட்டிபிகேட் குடுத்தாங்க. வெறும் கைதானே சார், அதுக்கு என்னா காசு?"

கத்தியைப் பிடித்திருக்கும்போது ஒரு ரூபாய் விட்டுத்தராத அதே கை. குரோஷா ஊசியைப் பிடித்தால் 'வெறும் கை' ஆகிவிடுகிறது. இது எப்படி?

*

நான் பி.காம். படித்தவன். இருபது வருஷத்துக்கு மேலாகப் பத்திரிகையில் குப்பை கொட்டினாலும் காஸ்ட் ஷீட் என்றால் கை இன்னும் பரபரக்கும். மீன் பையை ஓரமாக வைத்துவிட்டு அக்காவிடமே கேட்டுக் கேட்டுக் கணக்குப் போட்டேன்.

பூசணி ஒன்றுக்கு 25 மணி நேரம். ஆறுக்கு 150 மணி. இலை ஒன்றுக்கு 3 மணி; நாற்பது இலைக்கு 120 மணி. தோரணம் 30 மணி. மொத்தம் 300 மணி நேரம். ஐந்து பேருக்குப் பிரித்தால் தலைக்கு 60 மணி. இருபத்தோரு நாளுக்கு, தினம் ராத்திரி மூன்று மணி நேரம்.

எட்டு மணி நேரம் ஒரு நாள் வேலை என்று வைத்தால், 300 மணி என்பது முப்பத்தேழரை நாள். நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு 2025-26க்கு அறிவிக்கப்பட்ட தினக்கூலி 336 ரூபாய். பெருக்கிப் பாருங்கள். 12,600 ரூபாய்.

இது வரப்பு வெட்டுகிற, குளம் தூர் வாருகிற வேலைக்கு வைத்திருக்கும் கூலி. கைவினைக்கு இதைப்போல இரண்டு மடங்கு கேட்டாலும் தப்பில்லை. நான் அடிமட்டக் கணக்கைத்தான் சொல்கிறேன். கண் எரிச்சல், கழுத்து வலி, கரண்டு பில் எதையும் சேர்க்கவில்லை.

ஹோட்டலில் ஒரு அதிகாரியைப் பிடித்து விசாரித்தேன். மிகவும் மரியாதையாகப் பேசினார். "இது பிசினஸே இல்லை சார். மறுபயன்பாடு. அப்புறம், பெண்களுக்கு அதிகாரம் அளிக்கிற ஒரு சின்ன முயற்சி" என்றார். அந்த நூல் எங்கே கிடைத்தது என்று கேட்டேன். ஒரு கிடங்கில் மிஞ்சிய சரக்கை எடைக்கு வாங்கினார்களாம்.

கவனித்தீர்களா? மிஞ்சிப்போன நூலுக்குக் கிலோ கணக்கில் காசு கொடுத்திருக்கிறார்கள். அதைப் பூசணிக்காய் ஆக்கிய பெண்களுக்குக் கொடுக்கவில்லை.

அதே ஹோட்டல் பலூன் அலங்காரக்காரரைக் கூப்பிட்டு, "பலூன் எங்ககிட்ட மிச்சம் இருக்கு, நீங்க காத்து மட்டும் ஊதிக் குடுங்க, சர்ட்டிபிகேட் தர்றோம்" என்று சொல்லுமா? பந்தல்காரரிடம் சொல்லுமா? சீரியல் பல்பு கட்டுகிற பையனிடம் சொல்லிப் பார்க்கட்டும். ஏணியை எடுத்துக்கொண்டு போய்க்கொண்டே இருப்பான்.

*

"குரோஷா என்பது பொம்பளைங்க பொழுதுபோக்குக்குப் பண்றது சார். டி.வி. பார்த்துக்கிட்டே பின்னுவாங்க. அதுக்குப் போய்க் கூலி, மணிக்கணக்கு என்று..." இப்படி ஒரு வாதம் வரும். வரும் என்ன, என் அலுவலகத்திலேயே வந்தது.

பொழுதுபோக்கா? சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்டலாம்.

1840களின் பிற்பகுதியில் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பஞ்சம். லட்சக்கணக்கில் செத்தார்கள். அப்போது கன்னியாஸ்திரீகள் ஊர் ஊராகப் பெண்களுக்குக் குரோஷா லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார்கள். எதற்கு? பொழுது போகாமலா? அடுத்த வேளைச் சாப்பாட்டுக்கு. அந்த ஊசி பல குடும்பங்களைக் கரையேற்றியது.

நம் பக்கம் வாருங்கள். 1820களில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் என்ற மிஷனரி அம்மையார் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அது குரோஷா அல்ல. தலையணையில் வைத்துப் பின்னுகிற வேறு வகை. ஆனால் நூலும் கையும் பொறுமையும் அதே. திருவிதாங்கூரில் அப்போது அடிமைமுறை இருந்தது. லேஸ் பின்னிச் சம்பாதித்த காசைக் கொடுத்துத் தங்களை மீட்டுக்கொண்ட அடிமைப் பெண்கள் அங்கே உண்டு. நூல் பின்னுகிற வேலைக்குக் கூலி உண்டு என்பது இருநூறு வருஷத்துக்கு முன் அடிமைப் பெண்ணின் விடுதலைப் பத்திரம். இன்றைக்குச் சுதந்திர நாட்டில் அதே வேலைக்குச் சாப்பாடும் சர்ட்டிபிகேட்டும்!

மூன்றாவது கதை, ஆந்திராவில் கோதாவரிக் கரையில் இருக்கும் நர்சாபூர். அங்கேயும் மிஷனரிகள்தான் குரோஷா லேஸைக் கொண்டுவந்தார்கள். பிறகு அது பெரிய ஏற்றுமதித் தொழிலாக வளர்ந்தது. எழுபதுகளின் கடைசியில் மரியா மீஸ் என்ற ஜெர்மன் ஆய்வாளர் அந்த ஊரில் போய் உட்கார்ந்தார். 1982ல் புத்தகம் எழுதினார். அவர் கண்டது இதுதான்: வீட்டு வேலைக்கு நடுவே தினமும் ஆறு முதல் எட்டு மணி நேரம் லேஸ் பின்னுகிற பெண்கள். வயலில் கூலி வேலைக்குப் போகிற பெண்ணைவிடக் குறைந்த வருமானம். லேஸை வாங்கி விற்ற வியாபாரிகள் மாடி கட்டினார்கள். பின்னிய பெண்கள் தொழிலாளிகள் கணக்கிலேயே வரவில்லை. ஏன் என்றால், அவர்கள் 'வீட்டில் சும்மா இருக்கிற' இல்லத்தரசிகள். ஓய்வு நேரத்தில் ஏதோ பின்னுகிறார்கள். அவ்வளவுதான்.

'ஓய்வு நேரம்' என்று பெயர் வைத்ததால்தான் அந்தக் கூலியைக் கொடுக்க முடிந்தது. ஆலை என்று பெயர் வைத்திருந்தால் முடிந்திருக்காது. 2024ல் நர்சாபூர் குரோஷாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சந்தோஷம். ஊருக்குப் பெயர் கிடைத்தது மாதிரி ஊசி பிடித்த கைக்குக் கூலியும் கிடைக்க வேண்டும்.

இன்னொரு விஷயம். ஸ்வெட்டர் பின்ன மெஷின் உண்டு. பனியன் நெய்ய உண்டு. ஆனால் உண்மையான குரோஷாவைப் பின்னித்தள்ளுகிற மெஷின் இன்றுவரை சந்தைக்கு வரவில்லை. கடையில் நூற்றைம்பது ரூபாய்க்குக் குரோஷா பை தொங்குகிறது என்றால், அதன் ஒவ்வொரு கண்ணியையும் எங்கேயோ ஒரு மனுஷியின் விரல் இழுத்திருக்கிறது. அந்த நூற்றைம்பதில் நூல்காரர், கடைக்காரர், லாரிக்காரர் எடுத்தது போக அவளுக்கு என்ன மிஞ்சியிருக்கும்? நீங்களே கணக்குப் போடுங்கள். இதற்கு பி.காம். தேவையில்லை.

*

அப்படியானால் காசு வாங்காமல் யாருமே பின்னக்கூடாதா? அப்படிச் சொல்வேனா?

சென்னையில் சுபஸ்ரீ நடராஜன் ஆரம்பித்த 'மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்' என்ற குழு, 2016 ஜனவரியில் உலகத்திலேயே பெரிய குரோஷா போர்வையை விரித்துக் கின்னஸில் ஏறியது. 11,148.5 சதுர மீட்டர். நம்ம ஊர் பாஷையில் சொன்னால் ஐம்பது கிரவுண்டு! ஆளுக்குக் கொஞ்சமாகப் பின்னி, ஒன்றாக இணைத்தார்கள். 2017ல் பதினான்கு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு ஸ்கார்ஃப். ஒரு முனையைக் கோவளத்தில் கட்டினால் மாமல்லபுரம் போகிற வழியில் பாதியைத் தாண்டிவிடும்.

அவர்கள் யாரிடமும் கூலி கேட்கவில்லை. ஏன் கேட்க வேண்டும்? ஆசை அவர்களுடையது. நூல் அவர்களுடையது. பெயரும் அவர்களுக்கே வந்தது. சாதனை முடிந்ததும் போர்வைகளை இல்லாதவர்களுக்குக் கொடுத்தார்கள். கொடுப்பது என்றால் அது. தன்னிடம் இருப்பதை, தன் இஷ்டத்துக்கு, தான் விரும்பியவருக்கு.

கோவளத்து அக்காக்கள் யாருக்குக் கொடுத்தார்கள்? ஒரு ராத்திரி அறை வாடகையில் ஒரு மீனவக் குடும்பம் மாதம் ஓட்டக்கூடிய ஹோட்டலுக்கு. கோயிலுக்கு, சர்ச்சுக்கு, பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்துக்குச் சும்மா பின்னிக் கொடுத்தால் அது காணிக்கை. இதுவோ வியாபாரம். வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரே ஒரு கேள்வி போதும்: இதை வாசலில் வைத்து யாராவது காசு பார்க்கிறார்களா? ஆம் என்றால், பின்னியவருக்கும் காசு வேண்டும்.

"அவங்களேதானே சார் சம்மதிச்சாங்க?" சம்மதித்தார்கள்தான். மறுத்தால் அடுத்த முறை கூப்பிட மாட்டார்கள் என்று பயந்து சம்மதித்தார்கள். கேட்டால் காசுக்கு ஆசைப்படுகிறவள் என்று பெயர் வருமே என்று சம்மதித்தார்கள். முக்கியமாக, இது காசு கேட்கக்கூடிய வேலை என்று அவர்களுக்கு யாரும் சொன்னதே இல்லை.

அதுவும் 'மிச்ச நேரத்தில்' பின்னினார்களாம். எது மிச்ச நேரம்? 2024ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். சம்பளம் இல்லாத வீட்டு வேலையில், அந்த வேலை செய்கிற பெண் ஒரு நாளைக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார். செய்கிற ஆண்? 88 நிமிடம். அந்த 289 போக, மீன் வெட்டுகிற நேரமும் போக மிஞ்சுவதற்குத் தமிழில் வேறு பெயர் உண்டு. தூக்கம்.

*

மறுபயன்பாட்டுக்கு வருவோம். மிஞ்சிய நூலை வீணாக்காமல் இருப்பது நல்ல விஷயம்தான். ஆனால் நாம் 'உல்லன்' என்று சொல்வதில் பெரும்பாலும் ஆட்டு ரோமம் கிடையாது. அக்ரிலிக். அதாவது பிளாஸ்டிக். மக்காது. அடைமழையில் திறந்த வாசலில் வைத்தால் ஊறும், இழை இழையாக உதிரும், கடைசியில் மழைத்தண்ணீரோடு போகும். எங்கே போகும்? கோவளத்தில் தண்ணீர் எங்கே போகும் என்று கேட்பது ஒரு கேள்வியா? 2021 செப்டம்பரில் நீலக்கொடிச் சான்று வாங்கிய கடற்கரை அது. பெருமையாக போர்டு வைத்திருக்கிறோம்.

விழா முடிந்த மறுவாரம் போனேன். பூசணிகள் சமையலறைப் பின்பக்கம் குப்பை மூட்டைகளோடு கிடந்தனவாம். அக்காதான் போய்க் கேட்டு இரண்டை வாங்கி வந்திருக்கிறார். துவைத்து, காயவைத்து, முடிச்சைத் தேடி அவிழ்த்து, நூலை உருவி உருண்டையாகச் சுற்றி வைத்திருந்தார். குரோஷாவில் அது ஒரு வசதி. கடைசி முடிச்சை அவிழ்த்து இழுத்தால் அத்தனை நூலும் திரும்பி வந்துவிடும்.

"நூலு பூரா வந்துடுச்சு சார்" என்று காட்டினார். அந்த அறுபது மணி நேரத்தை எந்த முனையைப் பிடித்து இழுப்பது என்று நான் கேட்கவில்லை.

*

கேட்க எனக்கு யோக்கியதையும் இல்லை.

எங்கள் அம்மா குரோஷா போடுவார். டி.வி.க்கு உறை, ரேடியோவுக்கு உறை, ஃப்ரிட்ஜ் கைப்பிடிக்குக்கூட உறை. தெருவில் இருப்பவர்கள் எல்லாம் நூல் வாங்கிக் கொண்டுவந்து கொடுப்பார்கள். "சும்மாதானேம்மா இருக்கீங்க, எங்க வீட்டு டீப்பாய்க்கும் ஒண்ணு போட்டுக் குடுங்களேன்." அம்மாவும் போட்டுக் கொடுப்பார். வீட்டுக் கணக்கு நோட்டில் அப்பா எழுதுவார்: நூல், 12 ரூபாய். அம்மாவின் ராத்திரிகளுக்கு அந்த நோட்டில் பத்தியே கிடையாது. அம்மா பின்னிய விரிப்பு போட்ட மேஜையில் உட்கார்ந்துதான், மூலப்பொருள் செலவோடு உழைப்புச் செலவையும் சேர்த்தால்தான் அடக்க விலை வரும் என்று பரீட்சைக்கு மனப்பாடம் செய்தேன். நல்ல மார்க் வாங்கினேன். விரிப்பைத் திரும்பிப் பார்க்கவில்லை.

இன்றைக்குக் கொஞ்சம் மாறியிருக்கிறது. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், வீட்டைக் கவனித்துக்கொண்ட மனைவியின் உழைப்பும் கணவன் வாங்கிய சொத்தில் பங்குதான் என்று தீர்ப்புச் சொன்னது. அதே ஆண்டு செப்டம்பரில் தமிழக அரசு மாதம் 1,000 ரூபாய் கொடுக்க ஆரம்பித்தபோது அதற்கு 'உதவி' என்று பெயர் வைக்கவில்லை. 'உரிமைத் தொகை' என்று வைத்தது. கோர்ட்டுக்கும் கோட்டைக்கும் புரிந்த விஷயம் கடற்கரை ஹோட்டலுக்குப் புரியாதா?

எனவே, சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் என் கோரிக்கைகள்:

1. ஹோட்டல், மால், கம்பெனி யாராக இருந்தாலும், கைவேலை கேட்டால் முதல் நாளே மணிக்கணக்கும் கூலியும் பேசுங்கள். எழுதிக் கொடுங்கள்.

2. நூலை இலவசமாகக் கொடுத்தது பெரிய உபகாரம் என்று பேசாதீர்கள். தையல்காரரிடம் துணியை நாம்தான் கொடுக்கிறோம். தையல் கூலி இல்லாமல் சட்டை வருகிறதா?

3. சர்ட்டிபிகேட் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. காசோலையோடு பின் பண்ணிக் கொடுங்கள்.

4. மகளிர் குழுக்களே, வரவு செலவு நோட்டில் 'நேரம்' என்று ஒரு பத்தி போடுங்கள். காசு வந்தாலும் வராவிட்டாலும் எழுதுங்கள். எழுதினால்தான் ஒரு நாள் கேட்கத் தோன்றும்.

*

கார்த்திகை முடியும் சமயத்தில் மறுபடி போனேன். நான் கேட்பதற்கு முன்னால் அக்காவே ஆரம்பித்தார். கிறிஸ்துமஸுக்குப் பெரிய பெரிய நட்சத்திரமும் ஆளுயர மரமும் வேண்டும் என்று ஹோட்டலிலிருந்து வந்தார்களாம். மறுபடி நூல் மூட்டையோடு.

"என்ன சொன்னீங்கக்கா?"

"மீன் கணக்குலயே சொல்லிட்டேன் சார். மீனு உங்களுது, சரி. வெட்டுக்கூலி எங்களுதுன்னு."

"அவங்க?"

"யோசிச்சுச் சொல்றோம்னு போயிருக்காங்க."

சொல்லிக்கொண்டே என் வஞ்சிரத்தைத் துண்டு போட்டு முடித்தார். கூலியைச் சொன்னார். கொடுத்தேன். எண்ணிப் பார்த்துத்தான் இடுப்பில் செருகினார்.

ஹோட்டல்காரர்கள் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். 300 மணி நேரத்துக்கு 12,600 ரூபாய். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?